பாய்ச்சுங் பூட்டியா

பாய்ச்சுங் பூட்டியா (பிறப்பு: டிசம்பர் 15, 1976) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் இந்திய அணியின் முன்னாள் தலைவரும் ஆவார். சிக்கிம் மாநிலத்தைச் சேர்ந்த இவர் முன்கள வீரராக விளையாடியவர். ஐரோப்பியத் தொழில்முறைக் கழகம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியர் என்ற வகையில் பரவலாக அறியப்படுகிறார். 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியக் காற்பந்து வீரர்கள் சங்கத்தின் முதல் தலைவர் என்பது இவரைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி. எனினும் ஊதியத்திற்கு விளையாடும் வீரர் ஒருவரின் உரிமைகள் யாவை, அவற்றைக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை இந்தியக் காற்பந்தில் முதன்முதலாக நிறுவன வடிவில் எழுப்பியது அச்சங்கமே. ஆகவே இக்கட்டுரையில் அதற்குக் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

இளமை

பூட்டியா தெற்கு சிக்கிமின் திங்கிதாம் என்னும் மலைக்கிராமத்தில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாக்யோங்கில் உள்ள புனித சவேரியார் பள்ளியில் பயின்றார். ஒன்பதாம் அகவையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை பெற்று, காங்டாக்கில் உள்ள தாஷி நாம்கியால் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். 1992ஆம் ஆண்டு பள்ளிகளுக்கிடையிலான சுப்ரதோ கோப்பைப் போட்டியில் சிறந்த வீரராகத் தேர்வானார். இந்திய அணியின் முன்னாள் இலக்குக்காப்பாளர் பாஸ்கர் கங்குலி இவரது ஆட்டத்தைக் கண்டு கொல்கத்தாவுக்கு வர வழிசெய்தார். 1993இல், 16ஆம் அகவையில், பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார்.

ஊதிய வீரர் என்னும் புதிய வகை

பூட்டியா விளையாட வந்த காலம் இந்தியக் காற்பந்தில் ஒரு மாற்றத்தின் காலமாகும். அதற்கு முன்னர் நல்ல வீரர் ஒருவருக்கு வாழ்க்கைப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் வேலைவாய்ப்பு வடிவில் கிடைத்தது. இரயில்வே, வங்கிகள், காவல்துறை, வருமான வரித்துறை, படைத்துறை ஆகியவை தத்தமக்கு அணிகளை வைத்திருந்தன. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற அணிகள் இவ்வகையின. வீரர் அங்கு எழுத்தராகவோ பணியாளராகவோ நியமிக்கப்படுவார். முழங்கால் போனாலும் வேலை போகாது. ஓய்வூதியமும் உண்டு.

கோயம்புத்தூர், திருப்பூர் பகுதி வாசகர்களுக்கு இதனை வேறொரு ஒப்பீட்டால் விளக்கலாம். பஞ்சாலையில் நிரந்தரத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. மருத்துவம், தீபாவளி போனஸ் ஆகியவை உண்டு. அவற்றைப் பேசி வாங்கித்தரத் தொழிற்சங்கமும் உண்டு. அதே ஆலைக்குள் ஒப்பந்தத்தில் வருபவருக்கு இவற்றுள் எது கைக்கு வரும் என்பது நடைமுறையில் உறுதியில்லை. 1990களில் இந்தியக் காற்பந்து வீரர் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நகர்ந்தார். கைக்கு வரும் தொகை உயர்ந்தது. அதே வேளையில் அத்தொகை ஓராண்டு அல்லது ஈராண்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதாக மட்டுமே இருந்தது. கழகம் தரவில்லை என்றால் கேட்பதற்கு அமைப்பு எதுவும் இல்லை.

கொல்கத்தாவில் நிலைமை இன்னும் விந்தையானது. அங்கு வீரர் இடமாற்றம் நெடுங்காலம் 'டோக்கன்' முறையில் நடைபெற்றது. வீரரின் டோக்கன் எந்தக் கழகத்தின் கையில் இருக்கிறதோ அக்கழகத்துக்கே அவர் உரியவர். இடமாற்றப் பருவத்தில் கழக ஆதரவாளர்கள் வீரர்களை வெளியூர் வீடுகளில் ஒளித்துவைத்துக் காவல் இருந்த கதைகள் அந்நகரில் இன்றும் சுவைபடச் சொல்லப்படுகின்றன. ஒளித்துவைக்கப்பட்டவரின் விருப்பம் என்ன என்பது அக்கதைகளில் அரிதாகவே இடம்பெறும்.

கழக ஆட்டங்கள்

பூட்டியா 1995இல் பஞ்சாபின் பக்வாரா நகரிலுள்ள ஜே.சி.டி. ஆலையின் அணிக்கு மாறினார். அந்த அணி ஒரு துணி ஆலையால் நடத்தப்பட்டது. 1996-97இல் முதன்முறையாக நடத்தப்பட்ட தேசியக் காற்பந்துக் கூட்டிணைவுப் போட்டியை ஜே.சி.டி. வென்றது. 14 கோல்கள் அடித்து அப்போட்டியில் அதிக கோல் அடித்தவராகப் பூட்டியா விளங்கினார்.

1997இல் மீண்டும் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு வந்தார். அவ்வாண்டு ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் இடையே கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதி ஆட்டம் நடந்தது. 1,31,000க்கும் மேற்பட்டோர் பார்த்த இந்த ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பூட்டியா தனியொருவராக மூன்று கோல்கள் அடித்தார். இந்திய விளையாட்டரங்கு ஒன்றில் திரண்ட மிகப்பெரிய கூட்டங்களுள் ஒன்றாக இது குறிக்கப்படுகிறது.

1999 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் பரி கழகத்துடன் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். பரி என்பது மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள ஆலை நகரம். அக்கழகம் அப்போது ஆங்கிலக் காற்பந்தின் மூன்றாம் படிநிலையில் ஆடிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று கார்டிஃப் சிட்டிக்கு எதிராக முதல் ஆட்டத்தில் களமிறங்கினார். முதல் கோலை 2000 ஏப்ரல் 15 அன்று செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக அடித்தார். மூன்று பருவங்களில் 37 கூட்டிணைவு ஆட்டங்களில் 3 கோல்கள் என்பதே அங்கு இவரது கணக்கு. காயங்களும் இடையிட்டன. எண்களை மட்டும் பார்த்தால் இது சிறப்பான காலமன்று. இவருக்கு முன் 1930களில் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக வெறுங்காலுடன் ஓரிரு ஆட்டங்கள் ஆடியிருந்தாலும், ஒப்பந்தம் பெற்று ஊதியத்திற்கு ஆடிய முதல் இந்தியர் பூட்டியாவே.

இவர் அங்கிருந்த கடைசிப் பருவத்தில், 2002ஆம் ஆண்டு, பரி கழகம் கடன் சுமையால் நொடித்து நீதிமுறை நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. கழகம் நொடித்துப்போனால் வீரருக்கு என்ன நேரும் என்பதை அருகிலிருந்து காணும் நிலை அது. அதே கழகம் 2019இல் மீண்டும் நெருக்கடியில் சிக்கி, வீரர்களுக்குச் சம்பளம் தர இயலாமல், ஆகஸ்ட் 27 அன்று ஆங்கிலக் கூட்டிணைவிலிருந்தே நீக்கப்பட்டது.

நாடு திரும்பிய பூட்டியா 2002-03 பருவத்தில் மோகன் பகானில் சேர்ந்தார். காயம் காரணமாக அதிகம் ஆட இயலவில்லை. பின்னர் மலேசியாவின் பேராக் அணிக்காகச் சிறிது காலம் ஆடினார். 2003இல் ஈஸ்ட் பெங்காலுக்காக ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகங்களுக்கிடையிலான போட்டியில் 9 கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனா அணியை 3-1 என வென்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையைக் கைப்பற்றியது. 2005இல் மலேசியாவின் சிலாங்கூர் எம்.கே. லேண்ட் அணியிலும், 2006 முதல் 2009 வரை மோகன் பகானிலும், அதன் பின் மீண்டும் ஈஸ்ட் பெங்காலிலும் விளையாடினார்.

இந்திய அணியில்

1995இல் இந்திய அணிக்குத் தேர்வான பூட்டியா, 2011 ஆகஸ்டில் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். இவர் ஆடிய காலத்தில் இந்தியா 1997, 1999, 2005 ஆகிய ஆண்டுகளில் தெற்காசியக் கோப்பையையும், 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் நேரு கோப்பையையும் வென்றது. 2008 ஆகஸ்ட் 13 அன்று தில்லி அம்பேத்கர் அரங்கில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா தஜிகிஸ்தானை 4-1 என வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல்களும் பூட்டியா ஒரு கோலும் அடித்தனர். இவ்வெற்றியின் வழியாகவே 1984க்குப் பிறகு முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு, 2011இல் தோகாவில் நடந்த போட்டிக்கு, இந்தியா தகுதி பெற்றது. காயத்திலிருந்து முழுமையாக மீளாத பூட்டியா அங்கு தென்கொரியாவுக்கு எதிராகச் சில நிமிடங்கள் மட்டுமே ஆட முடிந்தது.

நாட்டுக்காக இவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடுகிறது. சில ஆட்டங்களை முழுமையான பன்னாட்டு ஆட்டங்களாகக் கொள்வதா இல்லையா என்பதில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம்.

2012 ஜனவரி 10 அன்று தில்லி ஜவகர்லால் நேரு அரங்கில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணிக்கு எதிராக இவருக்கு விடைகொடுக்கும் ஆட்டம் நடத்தப்பட்டது. இந்தியா 0-4 எனத் தோற்றது.

வீரர்கள் சங்கம்

உலகப் பின்னணி

காற்பந்து வீரர்கள் சங்கம் வைப்பது புதிய கருத்தன்று. இங்கிலாந்தில் இன்று செயற்படும் தொழில்முறைக் காற்பந்து வீரர் சங்கம் 1907 டிசம்பர் 2 அன்று மான்செஸ்டரில் ஒரு விடுதியில் கூடிய வீரர்களால் தொடங்கப்பட்டது. பில்லி மெரிடித், சார்லி ராபர்ட்ஸ் ஆகிய மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் அதில் முன்னின்றனர். சங்கத்திலிருந்து விலகாவிட்டால் விளையாடத் தடை என 1909இல் ஆங்கிலக் காற்பந்துச் சங்கம் மிரட்டியபோது, மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள் விலக மறுத்துத் தனியே பயிற்சி செய்தனர். எந்த வீரருக்கும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாரச் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பு 1961 வரை அங்கு இருந்தது. நீக்கப்பட்ட வேளையில் அது வாரம் 20 பவுண்டு. சங்கத் தலைவராயிருந்த ஜிம்மி ஹில் வேலைநிறுத்த அறிவிப்பு வரை சென்று அதனை நீக்கச் செய்தார்.

ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைக் கழகம் தன் பிடியில் வைத்திருக்கலாம் என்ற முறையை பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று செல்லாது என்றது. பல நாட்டு வீரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 1965இல் பாரிசில் அமைக்கப்பட்டது.

பூட்டியா ஆடிய பரி நகரம் இந்தச் சங்கம் பிறந்த மான்செஸ்டருக்கு மிக அருகில் உள்ளது. அந்நாட்டில் தொழில்முறை வீரர் அனைவரும் ஏறத்தாழ இச்சங்கத்தின் உறுப்பினர்கள். இந்தியாவிலிருந்து சென்ற ஒரு வீரருக்கு இது முற்றிலும் புதிய சூழல்.

தோற்றம்

இந்தியக் காற்பந்து வீரர்கள் சங்கம் 2006 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கப்பட்டது. பூட்டியா அதன் முதல் தலைவரானார். அப்போது அவர் இந்திய அணியின் தலைவராகவும் இருந்தார். இது கவனிக்கத்தக்கது. பொதுவாக வீரர்கள் ஓய்வுபெற்ற பின்னரே இத்தகைய பொறுப்புகளை ஏற்பர். விளையாடிக்கொண்டிருக்கும் போதே கழக நிர்வாகிகளின் எதிர்ப்பக்கத்தில் அமர்வது தனக்கே கேடாக முடியலாம். நாட்டின் மிகவும் அறியப்பட்ட வீரரை அணியிலிருந்து எளிதில் விலக்க முடியாது என்பதே தொடக்க ஆண்டுகளில் இச்சங்கத்திற்கு இருந்த பெரிய பலம் எனலாம்.

சங்கம் தோன்றுவதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளின் நிகழ்வு ஒன்று இங்கு குறிப்பிடத்தக்கது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் கூட்டமைப்புக் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த வேளையில் இலக்குக்காப்பாளருடன் மோதி வீழ்ந்து உயிரிழந்தார். இவர் முந்தைய பருவத்தில் ஈஸ்ட் பெங்காலில் பூட்டியாவுடன் இணைந்து ஆடியவர். களத்தில் மருத்துவ உதவி போதுமானதாக இருந்ததா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதன் பின்னரும் நிலைமை சீராகவில்லை. 2012 மார்ச்சில் அதே நகரில் மாவட்ட அளவிலான ஆட்டம் ஒன்றில் மயங்கி விழுந்த வீரரை, மருத்துவ ஊர்தி இல்லாததால் ஆட்டோவில் ஏற்றிச் சென்றனர். அவர் பிழைக்கவில்லை.

சங்கம் செய்யும் வேலை

வீரர் சங்கம் என்றதும் வேலைநிறுத்தமே பலருக்கும் நினைவுக்கு வரும். இந்தியச் சங்கத்தின் அன்றாடப் பணி அத்தகையதன்று. பெரும்பாலும் அது தாள்களைச் சார்ந்தது. கழகம் நீட்டும் ஒப்பந்தத்தைக் கையொப்பமிடுமுன் படித்துச் சொல்வது, ஒப்பந்தப் படி ஒன்று வீரர் கையிலும் இருப்பதை வலியுறுத்துவது, நிலுவைச் சம்பளத்துக்காகக் கடிதம் எழுதுவது, தீராவிடில் அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பின் வீரர் தகுதிக் குழுவிடம் முறையிட உதவுவது ஆகியன இதில் அடங்கும். வெளிநாட்டு வீரர் எனில் முறையீடு உலகக் காற்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கும் செல்லலாம். பின்னாளில் இச்சங்கம் ஃபிஃப்ப்ரோவில் உறுப்பினரானது. ஆண்டின் சிறந்த வீரரை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதையும் சங்கம் ஏற்படுத்தியது.

விதிகளை அறிந்திருப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஃபிஃபா விதியின்படி, கழகம் இரு மாதச் சம்பளத்தைத் தராமல் வைத்திருந்தால், வீரர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 15 நாள் அவகாசம் அளிக்க வேண்டும். அதற்குள்ளும் பணம் வராவிடில் தக்க காரணத்துடன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இவ்விதியை அறியாத வீரர் ஒருவர், பொறுமை இழந்து அறிவிப்பின்றி ஊருக்குப் புறப்பட்டுவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தவர் அவரே ஆகிவிடக்கூடும். சம்பள பாக்கிக்குப் பதிலாக இழப்பீடு கேட்டுக் கழகம் அனுப்பும் கடிதம் அவர் வீட்டுக்கு வரும். சங்கத்தின் தேவை இத்தகைய இடங்களில்தான் தெளிவாகிறது.

2009ஆம் ஆண்டுப் பிணக்கு

சங்கத் தலைவரே ஒப்பந்தச் சிக்கலில் அகப்பட்ட நிகழ்வும் உண்டு. 2009இல் பூட்டியா தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றில் பங்கேற்று வென்றார். இதனையொட்டி மோகன் பகான் நிர்வாகத்துக்கும் அவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. அவர் ஈஸ்ட் பெங்காலுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். தங்களுடனான ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என மோகன் பகான் வாதிட்டது. விவகாரம் கூட்டமைப்பின் வீரர் தகுதிக் குழு வரை சென்றது. அவர் தொடர்ந்து ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். டோக்கன் காலத்தில் கழக ஆதரவாளர்கள் தெருவில் முடித்திருக்கக்கூடிய பிணக்கு, இம்முறை ஒப்பந்தத்தின் வாசகங்களை முன்வைத்துக் குழுவின் முன் வாதிடப்பட்டது.

ரெனடி சிங்கும் பிற்காலமும்

பூட்டியாவுக்குப் பின் மணிப்பூரைச் சேர்ந்த நடுக்கள வீரர் ரெனடி சிங் சங்கத் தலைவரானார். தடையிலா உதைகளுக்குப் பெயர்பெற்ற இவரும் இந்திய அணியின் தலைவராக இருந்தவர்.

சங்கத்தின் வலிமைக்கு எல்லையும் உண்டு என்பதை 2013ஆம் ஆண்டு காட்டியது. அப்போது தொடங்கப்படவிருந்த இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் ஏற்பாட்டாளர்களுடன் சில முன்னணி வீரர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவ்வாறு ஒப்பந்தம் செய்தவர்களைத் தங்கள் அணியில் சேர்ப்பதில்லை என ஐ-லீக் கழகங்கள் முடிவெடுத்தன. புதிய போட்டியோ 2014 அக்டோபரில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் சிலர் மாதக்கணக்கில் ஆட்டமின்றி இருந்தனர். இரு முதலாளிகளின் போட்டிக்கு நடுவே நின்றவர்கள் வீரர்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வீரர் சங்கமும் கழகங்களும் கூட்டாகப் பேசிக் கையொப்பமிடும் பொது ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அவ்வாறான கூட்டுப்பேர ஒப்பந்தம் அப்போது இல்லை. ஆகவே சங்கம் வேண்டுகோள் விடுக்கலாம். கழகங்களைக் கட்டுப்படுத்த அதனிடம் ஏதுமில்லை.

கொங்கு நாட்டில் ஊதியக் காற்பந்து

கொங்குப் பகுதி வாசகருக்கு இச்செய்திகள் தொலைவில் உள்ளவை அல்ல. நாமக்கல்லைச் சேர்ந்த தற்காப்பு வீரர் நல்லப்பன் மோகன்ராஜ் மோகன் பகான், ஸ்போர்ட்டிங் கோவா ஆகிய கழகங்களில் ஆடி, 2014இல் முதல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற கொல்கத்தா அணியிலும் இடம்பெற்றார். பூட்டியா தலைமுறைக்கு அடுத்து வந்த ஒப்பந்த வீரர்களுள் இவரும் ஒருவர்.

சென்னை சிட்டி கழகம் 2017-18 பருவத்திலிருந்து கோயம்புத்தூர் நேரு அரங்கைத் தன் சொந்தக் களமாகக் கொண்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியளித்த இவ்வணி 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, 43 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலின் புள்ளிகள் 42. எசுப்பானியாவிலிருந்து வந்த பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்திருந்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய தமிழ்நாட்டு வீரர்கள் அந்த அணியிலிருந்து பின்னர் இந்தியன் சூப்பர் லீக் கழகங்களுக்குச் சென்றனர். 2020-21 பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. பட்டம் வென்ற நாளுக்கும் கூட்டிணைவிலிருந்து மறைந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஈராண்டுகள் மட்டுமே. இந்தியாவில் இது தனி நிகழ்வன்று: மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2010இலும், பூட்டியா முன்பு ஆடிய ஜே.சி.டி. அணி 2011இலும் மூடப்பட்டன.

கழக உரிமையாளராக

பூட்டியா 2011இல் தம் மாநிலத்துக்கென யுனைடெட் சிக்கிம் கழகத்தை வளர்த்தெடுப்பதில் ஈடுபட்டார். அக்கழகம் 2012-13 பருவத்தில் ஐ-லீக்குக்கு உயர்ந்தது. எனினும் நிதி நெருக்கடியில் சிக்கி அப்பருவத்தின் முடிவிலேயே தரமிறங்கியது. வீரர் சங்கத்தை நிறுவியவர் இம்முறை சம்பளம் தரவேண்டிய பக்கத்தில் இருந்தார். சிறு நகரக் கழகம் ஒன்று நுழைவுச்சீட்டு வருவாயை மட்டும் நம்பி நாடு முழுவதும் பயணம் செய்து ஆட இயலாது என்பதும், முதலீட்டாளர் விலகினால் அடுத்த மாதச் சம்பளமே கேள்விக்குறியாகும் என்பதும் அக்கழகத்தின் குறுகிய வரலாற்றில் தெரியவருகின்றன.

சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பாய்ச்சுங் பூட்டியா காற்பந்துப் பள்ளிகள் 2010இல் தில்லியில் தொடங்கப்பட்டுப் பிற நகரங்களுக்கும் விரிவடைந்தன.

2022ஆம் ஆண்டுத் தேர்தல்

அனைத்திந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரை மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகளே தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருந்தது. வீரர்களுக்கு அதில் வாக்கு இருக்கவில்லை. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம், பதவிக்காலம் முடிந்தும் தொடர்ந்த நிர்வாகத்தை நீக்கி மூவர் குழு ஒன்றை அமைத்தது. ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆணையில், மாநிலச் சங்கங்களின் 36 பிரதிநிதிகளுடன் 36 முன்னாள் வீரர்களுக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. இந்திய விளையாட்டு நிர்வாக வரலாற்றில் இது பெரிய மாற்றம்.

அம்மாற்றம் மூன்று வாரங்கள்கூட நீடிக்கவில்லை. வெளியார் தலையீடு எனக் கூறி ஃபிஃபா ஆகஸ்ட் நடுப்பகுதியில் இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை கைநழுவும் நிலை தோன்றியது. ஆகஸ்ட் 22 அன்று உச்சநீதிமன்றம் மூவர் குழுவைக் கலைத்து, வாக்காளர் பட்டியலை மாநிலச் சங்கங்களுடன் நிறுத்தியது. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. முன்னாள் வீரர்களின் வாக்குரிமையை ஆதரித்து நீதிமன்றத்தை அணுகியிருந்த பூட்டியா, அவ்வாக்குகள் இல்லாத தேர்தலில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். செப்டம்பர் 2 அன்று நடந்த தேர்தலில் முன்னாள் இலக்குக்காப்பாளர் கல்யாண் சௌபே 33-1 என்ற கணக்கில் வென்றார். அக்கூட்டமைப்பின் தலைவரான முதல் முன்னாள் வீரர் சௌபே என்பது குறிப்பிடத்தக்கது. பூட்டியா செயற்குழுவில் முன்னாள் வீரர்களுக்கான இடங்களுள் ஒன்றில் சேர்க்கப்பட்டார்.

2025 செப்டம்பர் 19 அன்று உச்சநீதிமன்றம் கூட்டமைப்புக்கான புதிய அமைப்பு விதிகளை ஏற்றது. பொதுக்குழுவில் முன்னாள் வீரர்களுக்கு இடம் தரும் ஏற்பாடு அதில் உள்ளது. அதே ஆண்டு சம்பளச் சிக்கலும் மீண்டும் தலைதூக்கியது. இந்தியன் சூப்பர் லீக்கை நடத்துவதற்கான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையறையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. நாட்டின் முதன்மைப் போட்டியில் ஆடிய வீரர்களும் 1990களின் ஒப்பந்த வீரர் கேட்ட அதே கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

அரசியல்

பூட்டியா 2014இல் திரிணாமூல் காங்கிரசின் வேட்பாளராக டார்ஜிலிங் மக்களவைத் தொகுதியிலும், 2016இல் சிலிகுரி சட்டமன்றத் தொகுதியிலும் போட்டியிட்டுத் தோற்றார். 2018இல் அக்கட்சியிலிருந்து விலகி ஹம்ரோ சிக்கிம் கட்சியைத் தொடங்கினார். அது 2023இல் சிக்கிம் சனநாயக முன்னணியுடன் இணைந்தது. 2024 சட்டமன்றத் தேர்தலில் பர்ஃபுங் தொகுதியில் தோல்வியுற்ற பின் தேர்தல் அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். முன்னதாக 2008இல் பீஜிங் ஒலிம்பிக் தீப்பந்தத்தை தில்லியில் ஏந்திச் செல்ல வந்த அழைப்பை, திபெத் மக்களுக்கு ஆதரவாக மறுத்தார்.

விருதுகள்

அருச்சுனா விருது 1998ஆம் ஆண்டுக்கும், பத்மசிறீ விருது 2008இலும் இவருக்கு வழங்கப்பட்டன. 2014இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் புகழ்மிக்கோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். தெற்கு சிக்கிமின் நாம்ச்சி நகரிலுள்ள காற்பந்து அரங்கம் இவரது பெயரால் அழைக்கப்படுகிறது.